சுடாத மேடை

பட்டாசு கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் ஒருவன் 'எரியுது' என்று கத்தினால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். நான் இரண்டு வருஷம் எரியுது, எரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புகை இல்லை, தீ இல்லை, தோல்கூடச் சிவக்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டினால், "நல்லாத்தான இருக்கு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனிதர்கள் மேலேயே கசப்பு வந்துவிட்டது.

இப்போது காலில் புண் ஆறிவிட்டது. எரிச்சல் போகவில்லை, மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. அடங்கியிருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போலவே கால் எரிய எரிய, "சூட்டு உடம்பு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள்.

நான் ஓரிடத்தில் தங்கினவன் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தீபாவளி லோடு ஏற்றிய லாரியில் கிளீனராக வடக்கே போனேன். சூரத்தில் ஓட்டலில் மாவு பிசைந்தேன். ஆந்திராவில் போர்வெல் போடுகிற வண்டியோடு அலைந்தேன். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் சுமந்தேன். நாற்பது வயது தாண்டிய பிறகு என் மனைவி பேச்சியம்மாள், "இனி ஒரு தடவை வண்டி ஏறுனீகன்னா, திரும்பி வரும்போது கதவு அடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் ஆனைக்குட்டம் பக்கத்தில் வீடு பிடித்து, அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியிலேயே நானும் சேர்ந்தேன்.

எனக்குக் கம்பி மத்தாப்பு வேலை. கம்பிகளை மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகி, கூழ் மாதிரியான கலவையில் முக்கி எடுத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அதற்கென்று திறந்தவெளியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை, ஏற ஒரு பக்கம் படி. பட்டாசு கம்பெனிக்குள் செருப்புப் போடக் கூடாது. செருப்பில் ஒட்டிவரும் ஒரு மணல் உரசினால் போதும், முடிந்தது கதை. அதனால் எல்லோரும் கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். மேடையிலும் வெறுங்கால்தான். சித்திரை மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் அந்தச் சிமெண்டில் யாராலும் நிற்க முடியாது. பெண்கள் சட்டத்தை வைத்துவிட்டு, "ஆத்தாடி, ஆத்தாடி" என்று நுனிக்காலில் ஓடிவருவார்கள். ஈரச் சாக்கு விரித்துப் பார்த்தார்கள். அது விரித்த வேகத்தில் காய்ந்தது.

நான் நின்றேன். அவசரமில்லாமல் ஒவ்வொரு சட்டமாகத் திருப்பி வைத்துவிட்டு, பீடி இல்லாத குறைதான் என்று நடந்து வந்தேன்.

போர்மேன் தங்கராசு அண்ணாச்சி வாயைப் பிளந்து பார்த்தார். "ஏலே சங்கிலி, உனக்கு இருக்கிறது காலா, இரும்பாலே?"

"பாதி இந்தியா நடந்த காலு அண்ணாச்சி. இதெல்லாம் ஒரு சூடா?"

அன்றிலிருந்து மேடை என் பொறுப்பு. தினக்கூலிக்கு மேல் கொஞ்சம் கூடுதல். இன்னொரு ஆள் வேண்டும் என்று வந்தபோது அண்ணாச்சி ஒரு சோதனையே வைத்தார். உச்சி வெயிலில் மேடையில் ஏறி, அவர் நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும். ஏழெட்டுப் பேர் இருபதுக்குள் குதித்துவிட்டார்கள். மாடசாமி என்று ஒருத்தன் மட்டும் நூறையும் தாண்டி நின்றான். எங்கள் இரண்டு பேருக்கும் 'இரும்புக் காலுக' என்று பெயர் வந்தது. வியாபாரி யாராவது கம்பெனியைப் பார்க்க வந்தால் அண்ணாச்சி எங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை. ஏதோ காலுக்காவது ஒரு திறமை இருக்கிறதே என்று.

ராத்திரிகள்தான் வேறு மாதிரி இருந்தன. முதலில் விரல் நுனிகளில் ஆரம்பித்தது. விருதுநகர் வற்றல் மண்டியில் நாள் முழுக்க மிளகாய் மூட்டை பிரித்தவன் கை எப்படி எரியுமோ அப்படி. பிறகு பாதம் முழுக்க, பிறகு கணுக்கால் வரை, காலுறை போட்ட அளவுக்கு. சில நேரம் எறும்பு ஊர்ந்தது. சில நேரம் மின்சாரம் சுண்டுவது போல ஒரு வெட்டு. போர்வை பட்டால்கூட ஊசி குத்தியது. ஈரச் சாக்கில் காலைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். மண்பானைத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: மேடையில் நிற்கிற சூடு. உள்ளே இறங்கிய சூடு ராத்திரி வெளியே வருகிறதாம். கேட்கப் பொருத்தமாக இருந்ததால் நானும் நம்பினேன். நல்லெண்ணெய், மருதாணி, நீராகாரம், இளநீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர் சிவப்புக் கலரில் பத்து சத்து ஊசி போட்டார். இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை விருதுநகரில் செருப்புக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் சாகுலிடம் காட்டியது என் தப்பு. நாங்கள் சூரத்தில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அவன் கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, "நரம்புத் தளர்ச்சியா? மாப்ளே, தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அந்த டாக்டர்களில் யாரும் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்திரியில் நாலு தடவை ஒன்றுக்குப் போனேன்; தண்ணீர் நிறையக் குடிக்கிறோம் என்று நினைத்தேன். உடம்பு இளைத்தது, வெயில் வேலை என்று நினைத்தேன். சர்க்கரை நோய் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு வருவது, மூட்டை தூக்குகிறவனுக்கு வராது. இதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

ஒருநாள் காலையில் வீடு கூட்டிக்கொண்டிருந்த பேச்சி, துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"ஏங்க, இதென்ன தரையில?"

பாயிலிருந்து கொல்லை வாசல் வரை கால் தடம். வலது கால் மட்டும். ஈரமாக, பழுப்பாக, ஒவ்வொரு தடத்திலும் ஒரே இடத்தில் திட்டு. அவள் என்னைச் சுவரில் சாய்த்து, மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் மாதிரி என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது விரலுக்குக் கீழே ஓட்டை. அதற்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கொண்டை ஊசியால் நெம்பி இழுத்தாள். மத்தாப்புக் கம்பித் துண்டு. விரல் கணு நீளம் இருந்தது.

"இது எப்பக் குத்துச்சு?"

"தெரியல."

"தெரியலையா? இம்புட்டு நீளம் உள்ள போயிருக்கு, தெரியலைங்கீக?"

யோசித்துப் பார்த்தேன். மேடையில் சட்டம் ஒன்று உடைந்து கம்பி சிதறியது எட்டு நாளைக்கு முன்னால். எட்டு நாள் அந்தக் கம்பியின் மேல் நடந்திருக்கிறேன். பேச்சி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்றுமே படாதபோது ராத்திரி முழுக்கக் கத்துகிற கால், இரும்பு குத்தி உள்ளே போனபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?

அன்றைக்கே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. காலைத் தொங்கப் போடாதே என்றார்கள். நீட்டி வைக்க பெஞ்சில் இடமில்லை. மத்தியானம் ஆனபோது ரத்தச் சோதனைச் சீட்டு வந்தது. சர்க்கரை நானூறுக்கு மேல். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புண்ணைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளிக்காத ஒரே ஆள் அவர்தான்.

சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.

"கண்ணை மூடிக்கங்க. இதால உங்க பாதத்துல தொடுவேன். தொடுறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். காத்திருந்தேன். மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். இன்னும் காத்திருந்தேன். கடைசியில் நானே, "ஆரம்பிங்கம்மா" என்றேன்.

பக்கத்தில் பேச்சி மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. கண்ணைத் திறந்தேன்.

"முடிச்சிட்டேன்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு காலுலயும் பத்துப் பத்து இடம் தொட்டேன்."

அதன் பிறகு ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டுக் கணுக்காலில் வைத்தார். அதுவும் தெரியவில்லை. முட்டியில் வைத்தபோதுதான் 'கிர்' என்று தெரிந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சர்க்கரை ரத்தத்தில் வருஷக் கணக்காக ஏறியே இருந்தால் நரம்பைக் கெடுக்கும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதனால் கால் நுனியில்தான் முதலில் கெடும். கெட்ட நரம்பு இரண்டு வேலை செய்யும். உண்மையான செய்தியைக் கொண்டுபோகாது. பொய்ச் செய்தியைத் தானாக அனுப்பிக்கொண்டே இருக்கும்.

"அப்ப மேடையில நின்னேனே…" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நூறு எண்ணுகிற சோதனை, இரும்புக் கால் என்கிற பெயர், கூடுதல் கூலி.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நோய்க்கா சம்பளம் குடுத்தாங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார்.

பிறகு கால் விஷயத்துக்கு வந்தார். விரல் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது, விரலை எடுத்தாக வேண்டும். அதோடு நிற்குமா, மேலே ஏறுமா என்பது பத்து நாளில் தெரியும். ஏறினால் பாதம் போகும். அதற்கும் மேலே என்றால் முட்டிக்குக் கீழே.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அய்யாத்துரை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். இடது கால் முட்டிக்குக் கீழே ஏற்கனவே போய்விட்டது. வாய் மட்டும் ஓயாது. நர்ஸ் ஊசியோடு வந்தால், "தாயி, இல்லாத காலுலயா போடப் போற?" என்பார்.

இரண்டாம் நாள், யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். "வெட்டட்டும் அண்ணே. காலோட சேத்து எரிச்சலும் போயிரும்ல. அது போதும் எனக்கு."

அவர் கட்டிலில் கால் இல்லாத இடத்தில், வெறும் விரிப்பைக் கையால் தட்டினார். "இந்தா, இந்த இடம் இருக்கு பாரு. இங்கன என் கட்டைவிரல் இருந்துச்சு. அது இப்பவும் எரியுது. எப்பவோ அதை வெட்டித் தூக்கிப் போட்டாச்சு. இன்னமும் எரியுது. கால் இருந்தா எண்ணெயாவது தேய்ப்ப. நான் எதுலப்பா தேய்க்க?"

அதற்குப் பிறகு காலைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கே வெறி வந்துவிட்டது. தினமும் கட்டுப் பிரிக்கும்போது, புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்த இடத்தைக் காட்டிப் பேச்சியிடம், "கறுப்பு மேல ஏறிருக்கா?" என்று கேட்பேன். அவள் தீக்குச்சியால் அளந்து வைத்துக்கொண்டு, "நேத்து அளவுதான்" என்பாள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது புண் இல்லை. காலையில் பெரிய டாக்டர் வருவார், பின்னால் நாலு பேர். புண்ணைப் பார்ப்பார்கள், பேசுவார்கள், அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். எரிச்சலைப் பற்றி நான் வாயெடுத்தால், "முதல்ல புண் ஆறட்டும்" என்பார்கள். அவர்கள் சொன்னது சரிதான், உயிரைக் கொண்டுபோவது புண்தான். ஆனாலும் நாலாம் நாள் அடக்க முடியவில்லை. டாக்டரம்மா கட்டுப் போட வந்தபோது கத்தியேவிட்டேன்.

"வலிக்காத இடத்துக்கு மூணு பேரு வந்து கட்டுப் போடுறீக. எரியிற இடத்துக்கு ஒருத்தராவது வாரீகளா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பேச்சி, "அவுக மேல ஏன் விழுறீக?" என்று என் வாயைப் பொத்த வந்தாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி எரியுது, சொல்லுங்க. எப்ப கூடுது, எது பட்டா கூடுது?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். மிளகாய், எறும்பு, மின்சாரம், போர்வை எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அன்று ராத்திரியிலிருந்து ஒரு சின்ன மாத்திரை. மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு மனசு சரியில்ல?" என்று பேச்சியிடம் கேட்டுத் தொலைத்தார். அவள் மாத்திரையோடு நேராக டாக்டரம்மாவிடம் போய், "எம் புருசனுக்குக் காலுதாம்மா கேடு, மூளை இல்ல" என்று சண்டை போட்டாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், கொஞ்சமாகக் கொடுத்தால் நரம்பு அனுப்புகிற பொய்ச் செய்தியைக் குறைக்கும் என்று அவர் விளக்கினார். உடனே கேட்காது, இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். வாய் வறளும், பகலெல்லாம் தூக்கம் வரும். இரண்டும் வந்தன. எரிச்சல் மட்டும் போகவில்லை. மூன்றாவது வாரம்தான், ராத்திரியில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்கிறேன் என்று பேச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போர்வை படாமல் இருக்க வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். கம்பெனியிலிருந்து ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தை வெட்டி, என் பாதங்களுக்கு மேல் கவிழ்த்து வைத்தாள். போர்வை பெட்டிக்கு மேல், கால் பெட்டிக்குள். பெட்டியில் 'வெப்பம் படாமல் வைக்கவும்' என்று அச்சடித்திருந்தது. அய்யாத்துரை அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் செலவில்லைதான். ஆனால் வெளியே வாங்கச் சொன்ன ஊசிகள், பஸ், பேச்சி வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்ந்து அவள் கம்மல் போனது. கேட்டால், "காது கனமாத்தான் இருந்துச்சு" என்றாள். சாகுல் ஒன்றுவிட்டு ஒரு நாள் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தான். வரும்போதெல்லாம் அவன் வீட்டம்மா சொல்லியனுப்பியதாக, "சோத்தைக் குறைச்சு மீனைக் கூட்டித் திங்கணுமாம் மாப்ளே" என்பான். நரம்புத் தளர்ச்சி என்று சிரித்ததைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. மீன் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இதற்கு நடுவிலேயே விரலை எடுத்திருந்தார்கள். இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. பத்தாம் நாள் பேச்சியின் தீக்குச்சி அளவு குறைய ஆரம்பித்தது. பாதம் தப்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா விரலை நீட்டி எச்சரித்தார். மருந்தை விடக் கூடாது, சர்க்கரையை மாதாமாதம் பார்க்க வேண்டும், தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். "முக்கியமானது இது. இனிமே வெறுங்காலே கிடையாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு. அடுத்த கம்பி குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது."

எனக்குக் கொடுத்தது மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பு. பின்னால் வார் வைத்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: தொழுநோய் ஆஸ்பத்திரிச் செருப்பு. விரலும் ஒன்று இல்லை. கேட்கவா வேண்டும்? டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது. பேச்சி போகிற குழாயடியில் குடங்கள் விலகின. எனக்கு வந்தது அந்த நோய் இல்லை. வந்திருந்தாலும் அதற்கு மருந்து இருக்கிறது, ஒரு மனிதனை அப்படி விலக்குவது அநியாயம். இதை எத்தனை பேரிடம் சொல்வது? சொல்லச் சொல்ல, அந்த நோய் இருப்பதால்தான் இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தார்கள்.

சாகுல் அந்தச் செருப்பைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். "அடிப்பாகம் தங்கமான அடிப்பாகம். மேல் வார்தான் ஊரைக் கூட்டுது" என்று சொல்லி, அதே ரப்பரில் பழுப்பு வார் வைத்து ஒரு ஜோடி செய்து கொடுத்தான். ஆணி இல்லை, எல்லாம் தையல். பார்த்தால் கடைச் செருப்பு மாதிரி இருந்தது. நான் கேட்காமலே இன்னொரு ஜோடியும் செய்தான். "கம்பெனிக்குள்ளயே வச்சுக்கோ. வெளி மண்ணு படாது."

ஆவணி பிறந்ததும் ஆர்டர் குவிந்தது. தங்கராசு அண்ணாச்சி மொபெட்டில் வீட்டுக்கே வந்தார்.

"எம்புட்டு நாளைக்குலே படுத்துக் கெடப்ப? மேடையில மாடசாமி ஒத்தை ஆளா மல்லுக்கட்டுறான். சீசன் முடியிற வரைக்கும் முன்ன குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு தாரேன்."

"செருப்போட வரலாமா அண்ணாச்சி?"

"வெளையாடாத. ஆபீசர் பாத்தா லைசென்சு போயிரும்."

பேச்சி உள்ளே பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். கம்மல் போன அவள் காதில் வேப்பங்குச்சி இருந்தது. நான் வருகிறேன் என்று சொன்னேன். அவர் போனதும் அவள் வெளியே வந்தாள். "போங்க. போயி இன்னொரு விரலக் குடுத்துட்டு வாங்க. அஞ்சு இருந்துச்சு, நாலு இருக்கு. கணக்குத் தெரியும்ல?"

மறுநாள் இரண்டாவது ஜோடியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அண்ணாச்சி அதை வளைத்துப் பார்த்தார், ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "உனக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேரு கேப்பாக. அம்புட்டுச் செருப்புக்கும் நான் காந்தம் வைக்கவா? ஒருத்தன் செருப்புல மணல் இருந்தாலும் உள்ள இருக்கிற எல்லாரும் சாம்பலுலே."

அவர் சொன்னது சரி. டாக்டரம்மா சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியாகச் சொல்லி, நடுவில் என் காலை நிறுத்தியிருந்தார்கள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி மோசமானது எதுவும் இல்லை.

காந்தம் வைத்துப் பார்த்த அந்த ஜோடியை மேடை வரைக்கும் மட்டும் போட விட்டார். மேடைக்குப் போனோம். உச்சி வெயில். மாடசாமி மேலே நின்று சட்டம் திருப்பிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, இரும்புக் காலு" என்று சிரித்தான். ஏறுவதற்காகச் செருப்பில் ஒன்றைக் கழற்றிவிட்டு, விரல் போன காலுக்குத் தாங்கலாக மேடை விளிம்பில் உள்ளங்கையை ஊன்றினேன்.

சுட்டது. தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது. கையைப் பறித்துக்கொண்டேன். அங்கே வேலை பார்த்த நாளெல்லாம் சட்டத்தைத் தொட்டிருக்கிறேனே தவிர, அந்தச் சிமெண்டைக் கையால் தொட்டதே இல்லை. எதன் மேல் நின்றுகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். "அண்ணாச்சி, நீங்க ஏறி நில்லுங்க."

"நானா? எதுக்குலே?"

"நீங்க வச்ச சோதனைதான். நான் எண்ணுதேன்."

மாடசாமி முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் நிதானமாக எண்ணினேன். எட்டில் முகம் கோணியது. பதினொன்றில் "சண்டாளப் பாவி" என்று குதித்து இறங்கி, மண்ணில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி வாயால் ஊதினார். உள்ளங்கால் சிவந்திருந்தது.

எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. சுட்டால் குதிக்கிற கால்.

"இந்த வெயில்லதான் நான் அம்புட்டு நாளும் நின்னேன். எனக்குப் பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு. அது இரும்புக் காலு இல்ல அண்ணாச்சி, செத்த காலு."

அவர் ஊதுவதை நிறுத்தினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தோம். மாடசாமி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். நாங்கள் ஏன் பார்க்கிறோம் என்று தெரியாமல் சிரித்தான்.

இப்போது நான் கேட்டுக்கு வெளியே பெட்டி ஒட்டும் கொட்டகையில் இருக்கிறேன். அங்கே பட்டாசுக் கலவை வராது, செருப்புப் போடலாம். கூலி குறைவு. மாத்திரை இரண்டு தடவை மாறியிருக்கிறது. எரிச்சல் இருக்கிறது, மழைக்காலத்தில் கூடுகிறது, சர்க்கரை ஏறினால் கூடுகிறது. முழுக்கப் போகுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "குறையும்" என்று மட்டும் சொன்னார். பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி. தினமும் விளக்கு வைத்ததும் பேச்சி என் பாதத்தை மடியில் வைத்து, கண்ணாடி இல்லாமல், தன் விரலாலேயே தடவிப் பார்க்கிறாள். அவள் தடவுவது எனக்குத் தெரிவதில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சி எண்ணும் சோதனையை விட்டுவிட்டார். சூடே தெரியாமல் மேடையில் எவனாவது நின்றால் அவனை வேலைக்கு எடுப்பதில்லை, ரத்தம் பார்த்துவிட்டு வா என்கிறார். மாடசாமியையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டார். அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கூடுதல் கூலி போன கோபத்தில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கேயும் மேடைதானாம், அங்கேயும் இரும்புக் கால்தானாம். என்னால்தான் பிழைப்பு போனது என்று என்னோடு பேசுவதில்லை.

போன வாரம் டீக்கடையில் தனியாக இருந்தான். சாகுலிடம் சொல்லி அவன் அளவுக்குச் செய்த ஒரு ஜோடியைப் பக்கத்தில் வைத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுலே" என்றேன். "ராத்திரி கால் எரியுதா?"

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். காசை வைத்துவிட்டு, செருப்பைத் தொடாமலே எழுந்தான். மத்தியான வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ரோட்டைக் கடந்தவர்கள் எல்லோரும் செருப்போடு இருந்தும் வேகமாகத்தான் கடந்தார்கள். மாடசாமி வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல் நடந்து போனான்.